பேரோணான் வளர்ப்பும் சிராவகர் கடமையும்



நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் முதன்முதலாகக் கற்ற விதி, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பதாகும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்னும் அதனை மிஞ்சிய விதியொன்றை நாம் கண்டதில்லை. ஆகவே இப்பாடத்தையும் அனைவரும் அறிந்த ஒரு பழமொழியிலிருந்தே தொடங்குவோம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, ‘குத்துகிறதே, குடைகிறதே’ என்று புலம்பினாளாம் ஒருத்தி. வீண் வம்பைத் தாமே தேடிக்கொள்வோரை நோக்கிப் பெரியோர் சொல்லி வந்த மொழி இது. இக்காலத்திலோ, ஓணானைப் போன்ற பெரிய உயிர் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து விலைக்கே வருகிறது. அதன் பெயர் இகுவானா. தமிழில் பச்சைப் பேரோணான் எனலாம்.

அம்பத்தூரில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு நடைபெறும் அறநெறி வகுப்பில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: “பாட்டி, இகுவானா கீரையும் பூவும்தான் தின்னுமாம். மாமிசமே வேண்டாமாம். அப்படியானால் நம் வீட்டில் அதை வளர்க்கலாம் அல்லவா?” வகுப்பு முழுவதும் நம் முகத்தையே நோக்கியது. வினா எளிதாகத் தோன்றிற்று; விடை எளிதாக இல்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தோம். அவ்வினாவின் பின்னால் ஓர் உயிரின் வாழ்வே ஊசலாடிக் கொண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

1. தெரிந்த உயிர்கள்

நம் ஆகமங்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கின்றன. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரையிலான அப்படிகளில் பல்லியும் ஓணானும் உடும்பும் ஐம்பொறிகளும் நிறைந்த உயிர்களாக மேற்படியில் நிற்கின்றன. ஊர்வனவற்றுள்ளும் இருவகை உண்டு. மார்பால் ஊர்வன உரபரிசர்ப்பம். பாம்பு இதற்கு எடுத்துக்காட்டு. முன்கால்களைக் கைகள்போல் ஊன்றிச் செல்வன புஜபரிசர்ப்பம். உடும்பும் பல்லியும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தொடுஉணர்வும் சுவையும் மணமும் பார்வையும் செவியும் உண்டு. ஆதலின் அவற்றின் துன்பம் நம் துன்பத்தை ஒத்ததே.

இவ்வுயிர்களோடு நாம் புதிதாகப் பழக வேண்டியதில்லை. சுவரில் பல்லி நம்முடன் குடியிருக்கிறது. செம்பருத்திச் செடியில் ஓணான் தலையை ஆட்டுகிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றைச் சூழ்ந்த கரைகளும் புதர்களும் புற்றுகளும் உடும்புகள் வாழ்வதற்கேற்ற இடங்கள். ஏரியை நெருங்கி வீடுகள் எழுந்த பின்னர், மழைக்காலத்தில் உடும்பு ஒன்று வீட்டுக் கொல்லைக்கோ கழிவுநீர்க் கால்வாய்க்கோ வந்துவிடுவது இயல்பே. அது நம் வீட்டுக்கு வந்தது என்று சொல்கிறோம். உண்மையில் நாம்தாம் அதன் வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

2. உள்ளே கொணரலாகாத உயிர்: உடும்பு

பெரிய ஊர்வனவொன்றை வளர்க்க விரும்பும் இளைஞர் கண்ணில் முதலில் படுவது உடும்பே. இலவசமாகக் கிடைக்கிறது; நம் மண்ணின் உயிர்; தட்பவெப்பமும் அதற்கு ஒத்ததே. ஆயினும் அதனைத் தொடவே கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே உயர்ந்த பாதுகாப்பு உடும்புக்கும் வழங்கப்பட்டுள்ளது. 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின்படி, இப்பட்டியலிலுள்ள உயிரைப் பிடிப்போர்க்கும் கொல்வோர்க்கும் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இறைச்சிக்காகவும், எண்ணெய்க்காகவும், கஞ்சிராவுக்குப் போர்த்தும் தோலுக்காகவும் தலைமுறை தலைமுறையாகக் கொல்லப்பட்ட உயிர் இது என்பதை நினைத்தால், சட்டத்தின் கடுமை நமக்கு விளங்கும்.

இரண்டாவது, உணவு. உடும்பு பூச்சி, நண்டு, தவளை, முட்டை, சிற்றுயிர்கள் ஆகியவற்றைத் தின்று வாழ்வது. அதனை அடைத்து வைப்பவர், அதன் பொருட்டு நாள்தோறும் பிற உயிர்களைக் கொன்று கொடுக்க வேண்டும். காட்டில் அது தேடித் தின்பது அதன் இயல்பு. நாம் கொன்று ஊட்டுவது நம் வினை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்று நாம் கற்றிருக்கிறோம் அல்லவா? இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களின் வரிசையில் ‘அசதீபோஷணம்’ என்பதும் ஒன்று. ஆதாயம் கருதிப் பிறவுயிரைக் கொன்று தின்னும் பிராணிகளை வளர்ப்பதும் அதனுள் அடங்கும்.

மூன்றாவது, அதன் இயல்பு. வளர்ந்த உடும்பு ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளும். புற்றைத் தோண்டும் நகமும், பற்றினால் விடாத பிடியும் உடையது. ‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்ற பழமொழியைச் சொன்னவர் அதனை ஒருமுறை பிடித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே உடும்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்தி, வெளிவாயிலைத் திறந்து வைத்துச் சற்று விலகி நின்றாலே போதும். பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிடில் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ அறிவித்தல் வேண்டும். கோலால் அடித்தலும், கயிறு வீசிப் பிடித்தலும், பிடித்த பின் படமெடுத்துக் கொள்ளுதலும் நமக்குத் தகாதன.

3. கடல் கடந்து வந்த உயிர்: இகுவானா

இனித் தெரியாததற்குச் செல்வோம். இகுவானா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள் ஆகியவற்றின் நீர்க்கரை மரங்களில் வாழும் உயிர். முட்டையிலிருந்து வெளிவரும்போது வாலுடன் சேர்த்து ஒரு சாண் அளவே இருக்கும். பச்சை நிறம், மெல்லிய விரல்கள், கழுத்தின்கீழ்த் தொங்கும் தோல் ஆகியவற்றால் குழந்தைகளின் மனத்தைக் கவரும். கடையில் காண்பது இந்த ஒரு சாண் உயிரே. ஆனால் மூன்றே ஆண்டுகளில் அது ஒரு மீட்டரைத் தாண்டும். முழுவளர்ச்சி பெற்ற ஆண் ஒன்றரை மீட்டருக்கும் மேலாகும். நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பத்து வயதுச் சிறுவன் வாங்கினால், அவன் படித்து, வேலை தேடி, மணமுடிக்கும் காலத்திலும் அது வீட்டில் இருக்கும். வாங்குவது ஒருநாள் வேலை. வளர்ப்பது இருபதாண்டு விரதம்.

இதன் வணிகம் ‘சைட்டிஸ்’ எனப்படும் பன்னாட்டு உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலுக்கு உட்பட்டது. ஆதலால் நம் நாட்டில் இதனை வைத்திருப்போர், 2024 பிப்ரவரி 28-இல் வெளியான பதிவு விதிகளின்படி, அரசின் ‘பரிவேஷ்’ இணையத்தளம் வழியாக மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்னரே வைத்திருந்தோர்க்கு ஆறு மாதத் தவணை தரப்பட்டிருந்தது. புதிதாகப் பெறுவோர்க்கு முப்பது நாட்களே தவணை. குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவர் கைக்கு மாறினாலும் அறிவித்தாக வேண்டும்.

விற்கப்படும் உயிர் எவ்வழி வந்தது என்பதையும் எண்ண வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிகளுக்கிடையே திணிக்கப்பட்ட ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். மூச்சுத் திணறி வழியிலேயே இறப்பனவும் உண்டு. ‘நாம் கடத்தவில்லை, காசு கொடுத்துத்தானே வாங்கினோம்’ என்பது விடையாகாது. வாங்குவோர் இருப்பதால்தான் கடத்துவோர் இருக்கின்றனர். இதுவும் ‘செய்வித்தல்’ என்னும் பகுதியிலேயே அடங்கும்.

4. கீரை தின்பதனால் மட்டும் தகுதியுண்டா?

சிறுவனின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதில் பாதி உண்மை உண்டு. விற்பனைக்கு வரும் பெரிய ஊர்வனவற்றுள் பல, பூச்சியோ எலியோ முட்டையோ இன்றி வாழா. இகுவானா அப்படியன்று, இலையுண்ணி. ஊனும் முட்டையும் கொடுத்தால் அதன் சிறுநீரகமே பழுதடையும்.

நம் சமயத்தார் இவ்வேறுபாட்டை நடைமுறையிலேயே கண்டிருக்கின்றனர். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனை ஒன்று உண்டு. பருந்து போன்ற ஊனுண்ணும் பறவைகளுக்கும் அங்கு மருந்திடுவர். ஆனால் அவற்றை உள்ளே தங்கவைத்துப் பேணுவது தானியமுண்ணும் பறவைகளைப் போலன்று. துன்புற்ற எவ்வுயிர்க்கும் உதவலாம். ஆனால் பிறவுயிரைக் கொல்லாமல் ஊட்டக் கூடியதையே இல்லத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதனால் பெறப்படும் பாடம்.

ஆயினும் உணவு ஒன்று மட்டுமே தகுதியாகாது. இகுவானாவுக்கு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், அவரை, பீன்ஸ், பூசணி, சிறிதளவு பப்பாளி ஆகியவை நாள்தோறும் புதியனவாக வேண்டும். பசலைக்கீரையையும் முட்டைகோசையும் மிகுதியாகத் தருதல் ஆகாது. சாதுர்மாஸ்ய நாட்களில் கீரையை அறவே விலக்கும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. அந்நான்கு மாதங்களிலும், நாம் உண்ணாத கீரையை, புழுபூச்சி நோக்கிப் பொறுமையாக ஆய்ந்து, அதற்காக அரிந்தே தீர வேண்டும். குடும்பத்தார் வெளியூர்த் தீர்த்தயாத்திரை சென்றாலும் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். இதனை முன்னரே எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

5. வீட்டினுள்ளா, வெளியிலா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களை வகுத்துரைக்கிறது. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்று இவற்றைத் தமிழில் கூறலாம். மாட்டையும் குதிரையையும் மனத்திற்கொண்டு சொன்னதாகத் தோன்றினும், பேரோணானின் இருப்பிடத்தை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம்.

பந்தம்: மரத்தில் ஏறி வாழும் உயிருக்குத் தரையின் பரப்பைவிட உயரமே முதன்மை. வளர்ந்த ஒன்றுக்கு ஆறடி உயரமும் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் குறைந்த அளவு. உடலின் பருமனுக்கேற்ற உறுதியான கிளைகள் குறுக்கே அமைய வேண்டும். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி குஞ்சுக்குச் சில மாதங்கள் போதும். அதன்பின் அது சிறையே. நம் அடுக்ககங்களின் பத்தடி அறையில் இக்கூட்டை வைத்தபின் பிள்ளைகள் படிக்க இடமிராது. உயிர் திரும்பி அசையப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூட்டில் அதனை அடைப்பது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சென்னையில் வாழ்ந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த பெருமுயற்சியின் பயனாக எழுந்த சட்டம் அது.

வதம்: இதனை அடிப்பார் எவரும் இரார் எனலாம். ஆனால் வலிந்து தூக்குவதும், ஓயாது தடவுவதும் அதற்கு அடியை ஒத்த அச்சமே. அஞ்சினால் வாலைச் சாட்டையாக வீசும்; கடிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானா தன்னை வளர்த்தவரையே தாக்குவதுண்டு. ‘அன்பில்லாத பிராணி’ என்று அப்போது அதனைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது. அது நாய் போல மனிதனோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் பழகிய உயிரன்று.

சேதம்: வாலைப் பிடித்திழுத்தால் அது அறுந்து வந்துவிடும். மீண்டும் வளருமாயினும் பழைய அழகும் நீளமும் வாரா. இதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் சேதம். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் படாவிட்டால், இகுவானாவின் உடலில் ‘டி’ உயிர்ச்சத்து உண்டாகாது. உண்ட சுண்ணாம்புச் சத்தும் எலும்பில் சேராது. தாடை வீங்கும், கால்கள் வளையும், முதுகெலும்பு கோணும். சன்னலோரம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதை அவர்கள் அறியார். இதற்கென விற்கும் விளக்குகள் உண்டு. ஆனால் ஒளி குறையாமலே அவற்றின் கதிர் குறைந்துவிடும் ஆதலால், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அதிபாராரோபணம்: பேரோணான் எந்தச் சுமையைச் சுமக்கப் போகிறது என்று கேட்கலாம். பிறந்தநாள் விழாவில் பத்துப் பிள்ளைகளின் தோள்களில் மாறிமாறி அமர்த்துவதும், கழுத்தில் வாரிட்டுத் தெருவில் உலாவ விடுவதும், படமெடுத்துப் பரப்புவதும் அதன்மேல் நாம் ஏற்றும் சுமைகளே.

அன்னபான நிரோதம்: உணவைப் பற்றி மேலே சொன்னோம். இவ்வுயிருக்கு நீரும் வெப்பமும் உணவைப் போன்றவையே. உடல் வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுவதால், வெயில் காயும் கிளையில் 35 பாகை செல்சியசும், விலகி ஒதுங்க 27 பாகை அளவிலான நிழலும் கூட்டினுள்ளேயே இருக்க வேண்டும். வெப்பம் குன்றினால் தின்றது செரிக்காது. அமிழ்ந்து குளிக்கத் தொட்டியும், ஈரம் மிகுந்த காற்றும் வேண்டும்.

இவ்வைந்தையும் கொண்டு நம் பகுதியை நோக்கினால், உள்ளா வெளியா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும். இந்நாட்டு வெயிலும் ஈரக்காற்றும் இகுவானாவுக்கு ஏறத்தாழ ஒத்தவை. ஆகவே கதிரவன் ஒளி நேரே படும் மொட்டைமாடிக் கூடு, விளக்கொளி அறையைவிடச் சிறந்தது. ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. ஆவடியும் பூந்தமல்லியும் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருப்பதால் கடற்காற்று பிந்தியே வரும். மே மாத நண்பகலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். கூட்டின் பாதிக்கு மேல் கீற்றோ நிழல்வலையோ வேய்ந்து, நண்பகலில் நீர் தெளிக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தால் ஒருமணி நேரத்துக்குள் உயிர் போகலாம். மார்கழி, தை இரவுகளில் 20 பாகைக்கும் கீழே இறங்கும் நாட்களில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போதும் அப்படியே. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் தெருக்கள் பலவற்றில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. தரைத்தளத்துக் கூடும் மின்விளக்குக் கூடும் அந்நாட்களில் என்னவாகும் என்பதை முன்கூட்டியே எண்ணுக. காகமும் பூனையும் எலியும் நுழையாத அடர்ந்த கம்பிவலையும், இரட்டைத் தாழும் இன்றியமையாதவை.

எனவே பகலில் வெளியிலும், கொடுங்குளிரிலும் பெருமழையிலும் உள்ளேயும் என இரு கூடுகள் வேண்டும். இரண்டுக்கும் இடமும் பொருளும் நேரமும் இல்லாதவர் இதனை வளர்க்கத் தகுதியற்றவர். இதனைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

6. வெளியே விடலாகாத உயிர்

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். ஆவடியில் வாழ்ந்த சிறுவனின் மாமா குடும்பத்தில் மூன்றாண்டுகளாக ஓர் இகுவானா இருந்தது. முறைப்படி பதிவும் செய்திருந்தனர். மாமாவுக்கு வடநாட்டுக்குப் பணி மாறுதல் வந்தது. கொண்டு செல்லவும் இயலவில்லை, வாங்கிக்கொள்வாரும் இல்லை. அப்போது அவர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. மகாவீரர் ஜயந்தி நாளில் அதனை ஏரிக்கரையில் விட்டுவிட்டால் அபயதானப் புண்ணியமும் ஆகும், உயிருக்கு விடுதலையும் ஆகும் என்று கருதினர். அவ்வாறு விடாமல் தன் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பதே அச்சிறுவனின் வினாவின் உட்பொருள்.

அவன் தாயார் இதனை நம்மிடம் சொன்னபோது, “நல்ல எண்ணந்தானே, விட்டுவிடலாமே” என்றே நாமும் விடையிறுத்தோம். கூண்டுக் கிளியை விடுவிப்பதைப் புண்ணியமென்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பிழையான விடை என்பதைக் கால்நடை மருத்துவர் ஒருவரே நமக்கு உணர்த்தினார். அவர் அவ்வுயிரின் பின்னங்கால்களைத் தொட்டுக் காட்டினார். அவை வில்லாக வளைந்திருந்தன. மூன்றாண்டுகள் சன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததன் விளைவு அது. “அம்மா, இதனால் மரமேற முடியாது. ஏரிக்கரையில் விட்டால் இன்று மாலைக்குள் நாய் கவ்விவிடும்” என்றார். அன்புள்ள குடும்பம், நாள்தோறும் கீரை அரிந்து கொடுத்த குடும்பம். ஆயினும் அறியாமை அன்பின் கையாலேயே சேதம் செய்துவிட்டது.

கால் வளையாத இகுவானாவாக இருந்தால் விடலாமா? அதுவும் கூடாது. வளர்த்தோர் விட்டதும் தப்பியோடியதும் பெருகி, அமெரிக்காவின் புளோரிடா, போர்ட்டோ ரிக்கோ, தைவான் முதலிய இடங்களில் அது பயிரையும் பூச்செடிகளையும் அழித்து, கரைகளில் வளை தோண்டி அவற்றைச் சிதைக்கிறது. ஒரு பெண் இகுவானா ஆண்டுக்கு ஒருமுறை இருபது முதல் எழுபது முட்டைகள் வரை இடும். அதனால் அங்கெல்லாம் அவற்றைக் கொல்லும்படி அரசுகளே ஆட்களை ஏவவோ இசைவளிக்கவோ நேர்ந்தது. புளோரிடாவில் 2018 சனவரியிலும் 2020 சனவரியிலும் கடுங்குளிர் வீசியபோது அவை உடல் மரத்து மரங்களிலிருந்து விழுந்தன. 2021-இல் அம்மாநிலம் அவற்றைச் செல்லப்பிராணியாக வாங்கி விற்பதைத் தடை செய்தது. அன்று கூட்டைத் திறந்துவிட்டவர் எவரும் கொலை செய்ய எண்ணியிரார். ஆயினும் பல்லாயிரம் உயிர்களின் சாவுக்கு அக்கதவே வாயிலாயிற்று. நம் ஏரிக்கரைகளில் வெப்பமும் நீரும் இலையும் ஆண்டு முழுவதும் உள்ளன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அபயதானம் என்பது அச்சமின்மையைத் தருவது. விட்ட இடத்தில் அவ்வுயிர்க்கு அச்சம் நீங்குமா, அவ்விடத்து உயிர்களுக்கு அதனால் அச்சம் வாராதா என்னும் இரண்டையும் நோக்கிய பின்னரே கூட்டைத் திறக்க வேண்டும். நோக்காமல் திறப்பது நம் மனச்சுமையை இறக்கி வைப்பதே அன்றித் தானமாகாது.

பிஞ்சராபோலில் ஒப்படைக்கலாமே என்று சிலர் கேட்டனர். அயனாவரத்திலுள்ள நம் பிஞ்சராபோல் பசுக்களைப் பேணும் இடம். ஊர்வனவற்றுக்கு அங்கு வசதியில்லை. முடிவில், பூந்தமல்லியில் மொட்டைமாடியுடன் கூடிய சொந்த வீட்டில் வாழும் சிறுவனின் தாத்தா முன்வந்தார். அம்பத்தூர் அடுக்ககத்துக்கு அது வரவில்லை; அதற்குச் சிறுவன் அழுதான். ஆனால் கூடு கட்டும் நாளில் தாத்தாவுக்குக் கம்பிவலை பிடித்தவன் அவனே. உரிமை மாற்றத்தை வனத்துறைக்கு முறைப்படி அறிவித்தனர். கீழ்க்கிளைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே அமைத்தனர், வளைந்த கால்கள் ஏறுவதற்காக. இப்போது அது காலை வெயிலில் கண்மூடிக் கிடக்கிறது. கால்கள் நிமிரவில்லை, இனி நிமிரவும் மாட்டா. எழுபத்திரண்டு வயதில் பதினைந்தாண்டு விரதம் ஏற்றிருக்கும் அத்தாத்தா, தமக்குப் பின் யார் என்பதையும் பேரனைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

7. ஏற்கெனவே வளர்ப்போர்க்கு

வாங்காதவர் வாங்கற்க. முன்னரே வளர்ப்போர் இவற்றைக் கைக்கொள்க:

1. பதிவு செய்திராவிட்டால், மறைக்காமல் வனத்துறையை அணுகி வழி கேட்டு நடக்க.

2. ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காட்டுக. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது.

3. பெண் இகுவானா ஆண் துணை இன்றியும் முட்டையிடும். தோண்டுவதற்கு ஆழ்ந்த மணல் இல்லையேல் முட்டை உள்ளேயே தங்கி உயிர்க்கு இறுதியாகலாம்.

4. இவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக் கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுக. அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவற்க. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கருவுற்றோரும், நோயுற்ற முதியோரும் தொடாதிருத்தல் நன்று.

5. உங்களால் இயலாத நாள் வருமுன்பே, அடுத்துப் பேணுவார் யார் என்பதை முடிவு செய்க.

8. பாடத்தின் சாரம்

ஏரிக்கரை உடும்பு வெளியில் வாழும் உயிர். அதனை உள்ளே கொணரலாகாது. கடல் கடந்து வந்த இகுவானா நம் கையால் உள்ளே வந்துவிட்ட உயிர். அதனை வெளியே விடலாகாது. முன்னதற்கு நாம் செய்யும் தயை விலகி நிற்பது. பின்னதற்குச் செய்யும் தயை விலகாமல் நிற்பது. இரண்டும் ஒரே கொல்லாமையின் இரு முகங்கள்.

ஊர்வனவற்றைக் காண விழையும் பிள்ளைகளைக் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும், 1976-இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுச் செம்பருத்தியில் தலையாட்டும் ஓணானையும் காட்டுங்கள். அதற்குக் கூடும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். செடியை வெட்டாதிருந்தால் போதும்.

சிந்தனைக்கு (பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடை காண்க)

அ. கொல்லாமை விரதத்தின் ஐந்து குற்றங்களையும் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள கிளிக்கூண்டு, மீன்தொட்டி, நாய்ச்சங்கிலி ஆகியவற்றோடு பொருத்திப் பாருங்கள். எந்தக் குற்றம் முதலில் தென்படுகிறது?

ஆ. ‘விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்கிறோம்’ என்பவர், விற்பவருக்கு மறுநாளும் பிடித்துவரத் தூண்டுதல் தருகிறாரா இல்லையா?

இ. இன்று ஒரு சாண் அளவுள்ள உயிர் இருபதாண்டு வாழுமெனில், அது இறக்கும் ஆண்டில் உங்கள் வயது என்ன? அப்போது எந்த ஊரில் இருப்பீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு வகுப்பில் நெடுநேரம் எவரும் விடை சொல்லவில்லை. நாம் விரும்பியதும் அந்த மௌனமே.

கொல்லாமை ஓங்குக! அறம் வளர்க!